செம்மண் ஓடை வழியே குடியம்

செம்பரம்பாக்கத்தில் மழையை யாரும் சென்டிமீட்டரில் பேசுவதில்லை, அடியில்தான் பேசுவோம். ஏரி நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. 22 அடியைத் தொட்டுவிட்டால் டீக்கடையில் வேறெந்தப் பேச்சும் எடுபடாது. 2015 டிசம்பர் முதல் தேதி விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் இறங்கிய பிறகு, ஐந்து கண் மதகும் பத்தொன்பது கண் மதகும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிய பெயர்கள் ஆகிவிட்டன. ஏரி எத்தனை அடி என்று கேட்பவர் அடுத்துக் கேட்பது, “பூண்டியில எவ்ளோ இருக்கு?” என்றுதான். கொசஸ்தலையாற்று வெள்ளமும், ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீரும் பூண்டியில் சேர்ந்து, அங்கிருந்து இணைப்புக் கால்வாய் வழியே எங்கள் ஏரிக்கு வருகின்றன. நாங்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு, நாங்கள் ஏறிப் பார்த்திராத மலைகளின் மேல் பெய்தது.

அந்த மலைகளுக்குப் போகவேண்டும் என்று திட்டம் எதுவும் போடவில்லை. செப்டம்பர் மாதக் கடைசி. பகலெல்லாம் காய்ந்துவிட்டு, அந்தி சாய்ந்ததும் மேற்கே கறுத்து, இடியோடு கொட்டித் தீர்க்கும் பருவம். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரகடம் சாலையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் எனக்கு வேலை. பிரஸ் ஷாப்புக்கு வேண்டிய பஞ்ச், டை, ஜிக் எல்லாம் நாங்கள் செய்து கொடுப்பவை. வார விடுமுறை நாளின் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் வேலை பழகும் அப்ரண்டிஸ் தம்பி வந்து நின்றான். தருமபுரிப் பக்கத்துப் பையன். மழை என்றால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. “ணா, நேத்து ராத்திரி மழ பூண்டிப் பக்கந்தான் ஜாஸ்தியாம். போய்ப் பாத்துட்டு வரலாமா?” என்றான். வண்டியில் பெட்ரோல் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

திருமழிசை, வெள்ளவேடு, அரண்வாயல், மணவாள நகர் என்று நீளும் சாலையில் சொல்ல அதிகம் இல்லை. கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் திருவள்ளூர் நெருங்க நெருங்கக் குறைந்து, வயல்கள் கூடுகின்றன. பூண்டியில் தண்ணீர் கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியே கிடந்தது. ஒரு ராத்திரி மழைக்கு அணை நிரம்பிவிடாதுதான். கொசஸ்தலையாற்றின் குறுக்கே இந்த அணை கட்டி முடிந்தது 1944இல். சென்னையின் குடிநீருக்காக இதற்குப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்காமலே 1943 மார்ச்சில் இறந்துபோனார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இருக்கிறது. 1985இல் திறந்தது. சிறிய கட்டடம். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கற்கள். பெரும்பாலோர் நின்று பார்க்காமல் கடந்துபோகிற அந்த வரிசையின் முன்னால் நாங்கள் இருவரும் வெகுநேரம் நின்றோம். ஒவ்வொரு கல்லிலும் இரு பக்கமும் சில்லு பெயர்த்து, ஓரத்தை நேராக்கி, முனையைக் கூர்மையாக்கி, அடிப்பகுதியை உள்ளங்கைக்குத் தோதாக விட்டிருந்தார்கள். கைக்கோடாரிகள். இரு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்து வரவேண்டும் என்பது செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தொழிலில் அதைச் சிமெட்ரி என்போம். அதைப் பிடிக்க எங்களிடம் டயல் கேஜ் இருக்கிறது. “வெறும் கண்ணால பாத்தா ணா இத அடிச்சாங்க?” என்று கேட்டான் தம்பி. அங்கிருந்து வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் விசாரித்தோம். பழைய கற்காலக் கருவிகள் கிடைத்த குடியம் குகைக்குப் போகிற காட்டு ஓடையில் ராத்திரி தண்ணீர் வந்து போயிருக்கிறது என்றார்கள். அதற்குமேல் யோசிக்கவில்லை.

குடியம் ஊர் பூண்டிக்கு அப்பால், அல்லிக்குழி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. குகை அங்கிருந்து காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடை. அது காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. சொன்னோம். “ரெண்டு மணிக்குள்ள திரும்பிடுங்க, சாயங்காலம் மறுபடி கறுக்கும்” என்றார் காவலர். ஊர் எல்லையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“கொகைக்கா தம்பி?”

“ஆமாக்கா. ஓடை வழியா போலாமா?”

“தண்ணி வடிஞ்சி போயிருக்கும். ஓடையில எறங்கி நடந்தா முள்ளு கம்மி. ஆனா அந்தப் பக்கம் மலமேல பாத்துக்கினே போங்க. அங்க கறுத்துதுன்னா இங்க வெயிலடிச்சாலும் கரையேறிடணும். தண்ணி சத்தம் கேட்டப்பறம் ஏறலாம்னு நிக்காதீங்க.”

இதைவிடச் சரியான எச்சரிக்கையை எந்த வழிகாட்டி நூலும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு பாறை இடுக்கு இருக்கிறது. மணற்பாறையை மழைவெள்ளம் அறுத்து அறுத்து உண்டாக்கிய குறுகிய பள்ளம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அதற்குள் நடந்துகொண்டிருந்த பயணிகளில் 11 பேர் வெள்ளத்தில் மாண்டார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல மைல் தொலைவில் பெய்த மழை அந்த இடுக்கு வழியாக ஒரே பாய்ச்சலாக வந்துவிட்டது. செடிகொடி குறைந்து, மண் இறுகிக் கிடக்கும் நிலம் தண்ணீரை உறிஞ்சாது, வழித்துவிடும். வறண்ட நாட்டுப் பள்ளங்களில் மழைக்குப் பிந்திய நடை அவ்வளவு அழகாக இருப்பதும், அவ்வளவு ஆபத்தாக இருப்பதும் ஒரே காரணத்தால். குடியத்து ஓடை அரிசோனாவின் ஆழம் உடையதல்ல. கடப்பை மாவட்டத்துக் கண்டிகோட்டாவில் பெண்ணாறு அறுத்திருக்கும் பள்ளத்தாக்குக்கு இது உறை போடக் காணாது. ஆனால் விதி ஒன்றுதான். மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

ஓடைக்குள் இறங்கியதும் ஊர்ச் சத்தம் அடங்கிவிட்டது. இரு புறமும் செம்மண் கரை, சில இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் தலைக்கு மேல். மேலே செம்புரைக்கல் சரளை ஒரு கெட்டியான மூடியாகப் படிந்திருக்கிறது; அதற்குக் கீழே மென்மையான களிமண். மூடியில் எங்கேயாவது ஒரு விரிசல் விழுந்தால் போதும், மழைத்தண்ணீர் கீழே புகுந்து களிமண்ணைக் கரைக்கிறது. அடிமண் போனதும் மேல்மூடி சரிகிறது. ராத்திரி மழையில் அப்படிச் சரிந்த கட்டிகள் ஓடை நடுவே கிடந்தன, உடைந்த பக்கம் இன்னும் ஈரமாக. குழிகளில் தங்கிய தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. காய்ந்து கிடக்கும்போது இந்தக் கற்கள் எல்லாம் ஒரே தூசி நிறத்தில் இருக்கும். நனைந்ததால் ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா, ஒன்று இரும்புக் கறுப்பு.

கரைமேல் காரைச் செடியும் களாவும் சூரையும் முட்களில் துளித்துளியாக நீர் கோத்து நின்றன. ஈரமண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சங்கப் பாடல்களில் வரும் மூதாய் இதுதான். மண்ணுக்குள் காத்திருந்து, நல்ல மழை பெய்ததும் வெளியே வரும். தம்பிக்கு அதைப் பார்த்ததும் சிறுவயதுத் தருமபுரி வந்துவிட்டது. தீப்பெட்டியில் புல் போட்டு இதை வளர்த்த கதையை ஓடை வளைவு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த வளைவில்தான் கல்லைப் பார்த்தோம். கரை சரிந்த இடத்தில், கழுவி வைத்தது போல மேலாகக் கிடந்தது. உள்ளங்கை அளவு குவார்ட்சைட். ஒரு பக்கம் ஆற்றில் உருண்ட கல்லின் வழுவழுப்பான தோல். மறு பக்கம் அந்தத் தோலே இல்லை. நான்கு ஐந்து இடங்களில் சில்லு பெயர்ந்த குழிவுகள், எல்லாம் ஒரே ஓரத்திலிருந்து உள்நோக்கி. தானாக உடைந்த கல்லில் உடைப்புகள் நாலு திசையிலும் சிதறியிருக்கும். இதில் ஒரு திசைதான் இருந்தது. குனிந்து பார்த்தோம், படம் எடுத்தோம், தொடவில்லை. இப்படிப்பட்ட கல் எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அதன் வயதையும் வரலாற்றையும் சொல்லும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தால் அது வெறும் கல்லாகிவிடும். சட்டப்படியும் எடுக்கக் கூடாது.

இந்த நாட்டில் முதன்முதலாக இப்படி ஒரு கல்லை அடையாளம் கண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், படை அணிவகுப்புத் திடலுக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய குழியில், ஒரு கைக்கோடாரியை எடுத்தார். அப்போது அவருக்கு 28 வயது. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மிகப் பழைய மனிதர்கள் செய்தவைதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859இல்தான். அந்தச் செய்தி படித்த கண்ணோடு அவர் இங்கே குழியைப் பார்த்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில், தன்னோடு வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு சேர்ந்து, பூண்டிக்கு அருகே கொசஸ்தலையாற்றை ஒட்டிய அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். அங்கே மழை அறுத்த ஓடைகளில் கருவிகள் வெளியே கிடந்தன. அவர் சேர்த்தவற்றை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது; அவை எழும்பூரில் இருக்கின்றன. இந்தக் கற்கருவி மரபுக்கு ஆராய்ச்சியாளர்கள் மதராஸ் என்ற பெயரையே வைத்து, மதராஸியன் என்று வழங்கினார்கள்.

அத்திரம்பாக்கத்தின் கதை ஃபூட்டோடு முடியவில்லை. அதன் பெரும்பகுதி நம் காலத்தில்தான் தெரியவந்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள். மேலே செம்புரைச் சரளை, அதன் கீழே பல மீட்டர் கனத்துக்கு மெல்லிய அடுக்கடுக்கான களிமண். அந்தக் களிமண்ணுக்குள் கைக்கோடாரிகள். நான் இதைப் படித்தபோது ஒரு செய்தியில் நின்றுவிட்டேன்: அந்தக் களிமண்ணில் இயற்கையாகக் கூழாங்கல் கிடையாது. ஆறு கரைபுரண்டு வந்து, வண்டலை மெதுவாகப் படியவிட்டுப் போன சமவெளி அது. பெரிய கல்லை உருட்டிவரும் வேகம் அந்தத் தண்ணீருக்கு இல்லை. ஆகவே அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு பெரிய கல்லும் ஒரு கையால் தூக்கி வரப்பட்டது. பெரிய சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்து, பாதி வேலை முடிந்த நிலையில் எடுத்துவந்து, இங்கே ஓரம் தீட்டியிருக்கிறார்கள். மூலப்பொருள் ஓரிடம், முடிப்பு வேலை ஓரிடம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் இன்று நடப்பதும் அதுதான்.

அதன் வயதைக் கணித்த முறை எனக்குப் பிடித்தது. வெயிலில் திறந்து கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்கதிர்கள் பட்டு, அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுவகைகள் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. கல் மண்ணில் ஆழமாகப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சிதைந்து குறைகின்றன. மிச்சமிருக்கும் விகிதத்தைப் பார்த்தால் எவ்வளவு காலமாகப் புதைந்து கிடக்கிறது என்று கணக்கிடலாம். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: சுமார் 15 லட்சம் ஆண்டு. மண்ணடுக்கில் பதிந்திருக்கும் பூமியின் காந்தத் திசையை வைத்துப் பார்த்தாலும் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டு. அதே அடுக்குகளில் விலங்குகளின் பற்களும், ஈரக் களிமண்ணில் பதிந்த குளம்புத் தடங்களும் கிடைத்தன. மனித எலும்பு ஒன்றுகூட இல்லை. நர்மதைக் கரையின் ஹத்னோராவில் 1982இல் கிடைத்த மண்டையோட்டைத் தவிர, கைக்கோடாரி செய்த காலத்து மனித முகம் என்று காட்ட இந்தியாவில் ஏறக்குறைய எதுவுமில்லை. கை தெரிகிறது, முகம் தெரியவில்லை.

அதைவிட, என் தொழில்காரன் மனம் 2018இல் ‘நேச்சர்’ இதழில் அதே ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட இரண்டாவது முடிவில்தான் தங்குகிறது. சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அத்திரம்பாக்கத்தில் வேலைமுறையே மாறுகிறது. பெரிய கைக்கோடாரிகள் குறைந்து, லெவல்லுவா என்று சொல்லப்படும் முறை வருகிறது. முன்பு கல்லை அடித்து அடித்து, அந்தக் கல்லையே கருவியாக்கினார்கள். இப்போது முதலில் ஒரு மூலக்கல்லைத் தயார் செய்கிறார்கள்: சுற்றோரம் செதுக்கி, மேல்முகத்தை லேசாகக் குவித்து, அடி விழவேண்டிய மேடையைச் சரிசெய்து, பிறகு ஒரே அடி. முன்கூட்டியே நினைத்த வடிவத்தில், நினைத்த அளவில் ஒரு சில்லு கழன்று வருகிறது. அந்தச் சில்லுதான் கருவி. அதாவது, பொருளைச் செய்வதற்கு முன் பொருளைத் தரும் ஒன்றைச் செய்கிறார்கள். இதைத்தான் நாங்கள் டூல் ரூமில் செய்கிறோம். டை சரியாக அமையும்வரை எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். அமைந்த பிறகு ஒரே ஸ்ட்ரோக்கில் பாகம் விழும். இத்தகைய முறை நவீன மனிதர்களோடு சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகே இந்தியாவுக்கு வந்தது என்று பலர் எண்ணி வந்ததை அத்திரம்பாக்கம் அசைத்துவிட்டது.

இதையெல்லாம் ஓடையில் நின்றபடி தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சரிந்த கரையைக் காட்டி, “அப்போ ணா, மழையே பொதைச்சிட்டு மழையே தோண்டிக் குடுக்குதா?” என்றான். ஆமாம். வெள்ளம் மெல்லிய படலம் படலமாகக் களிமண்ணை விரித்து மூடியது. இன்று மழை அந்த மூடியை ஓடைகளாக வெட்டுகிறது. தொல்லியலார் வருவதற்கு முன்னால் இந்த நிலத்தைத் தோண்டிப் பார்த்தது மழைதான். ஃபூட்டுக்கும் அதுதான் வழிகாட்டியது. மழைக்குப் பிந்திய நடையை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு எனக்கு இதுவே காரணம். கோடையில் இதே ஓடையில் நடந்தால் எல்லாம் புழுதி மூடிக் கிடக்கும்.

ஓடை குறுகி, பாறைகள் பெரிதாகி, கடைசியில் ஏறவேண்டியதாகிவிட்டது. ஈரப்பாசி வழுக்கியதால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். மரங்களுக்கிடையே திடீரென்று அந்தப் பாறை வாய் திறக்கிறது. குகை என்று சொன்னாலும், மலைச்சரிவில் மேற்பாறை முன்னால் துருத்திக் கூரையாக நிற்கும் பெரிய ஒதுக்கிடம்தான் அது. நூறு பேர் தாராளமாக உட்காரலாம். அண்ணாந்தால் கூரை முழுக்கக் கூழாங்கற்கள். வெல்லப்பாகில் கடலை இறுகிக் கிடப்பது போல, முட்டை அளவிலிருந்து தலை அளவு வரை உருண்டைக் கற்கள் மணற்சாந்தில் இறுகியிருக்கின்றன. வடமேற்கே நகரி மலைகளின் குவார்ட்சைட் உடைந்து, பழைய ஆறுகளில் உருண்டு மழுங்கி, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் இங்கே குவிந்து பாறையானவை. புவியியலில் இதைச் சத்தியவேடு அடுக்கு என்பார்கள். இந்தப் பாறை சிதைந்து சிதைந்து கற்களை உதிர்க்க, அவை ஓடைகளில் இறங்க, அவற்றை எடுத்துத்தான் அத்திரம்பாக்கத்துக் கைகள் வேலை செய்திருக்கின்றன. நாங்கள் நடந்து வந்த ஓடை, அவர்களுக்குக் கச்சாப்பொருள் வந்த வழிகளில் ஒன்றாக இருந்திருக்கக் கூடும்.

குகையின் முன்புறம் ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன். மஞ்சளும் குங்குமமும் ராத்திரிச் சாரலில் கரைந்து கல்லில் வழிந்திருந்தன. கூரையில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளாகத் தொங்கின. இங்கே கத்தக் கூடாது, கற்பூரப் புகைகூட அளவோடுதான். 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த கே.டி. பானர்ஜி இந்தக் குகையில் அகழ்ந்தார். பழைய கற்காலக் கருவி முதல் நுண்கற்கருவி வரை அடுத்தடுத்துக் கிடைத்தன, ஆனால் கொஞ்சமாகத்தான். அங்கே குடும்பம் குடும்பமாக நிலைத்து வாழ்ந்ததாகத் தெரியவில்லை. வந்து தங்கிப் போகிற இடமாக இருந்திருக்கலாம். மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள் என்று நினைப்பதில் தவறில்லை. பாறை நுனியிலிருந்து நீர் இன்னும் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

உட்கார்ந்திருந்தபோது எனக்கு எங்கள் கம்பெனி நிலத்தின் நினைவுதான் வந்தது. சத்தியவேடு அடுக்குக்குக் கீழே, அதனினும் மூத்ததாகக் கிடக்கும் படிவப்பாறைக்குப் புவியியல் நூல்களில் உள்ள பெயர் ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு. சாம்பல் நிறமும் வெளிர் நிறமும் கலந்த, தகடு தகடாகப் பெயரும் களிப்பாறை. அதன் தகடுகளுக்குள் கிரெட்டேசியக் காலத்துச் செடிகளின் இலைத் தடங்கள் உண்டு. கடல் உயிர்களின் தடங்களும் உண்டு. 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியதற்குப் பிறகு, நோக்கியா, சாம்சங், ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், டைம்லர் என்று எத்தனை அஸ்திவாரங்கள் அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டி எழுந்தன! ஸ்ரீபெரும்புதூர் என்றால் உலகத்துக்கு இன்று செல்போன். படிவப்பாறை ஆய்வாளருக்கு அது இலை. இரண்டும் எனக்குப் பெருமைதான். ஆனால் பொக்லைன் இறங்குவதற்கு முன் அந்த இடத்தை ஒரு புவியியலாளரும் ஒரு தொல்லியலாளரும் ஒருநாள் நடந்து பார்க்கட்டும் என்று கேட்பேன். மேடேற்றுவதற்காக எங்கெங்கிருந்தோ வெட்டி வரும் கிராவல் மண்ணுக்கும் அதையே கேட்பேன். ஃபூட் பல்லாவரத்தில் முதல் கருவியை எடுத்தது, சரளை தோண்டிப் போட்ட குழியில்தான். அப்படிப்பட்ட சரளையை இன்று நாம் லாரி லாரியாக அள்ளிக் கொட்டுகிறோம். அதில் என்ன போகிறது என்று பார்க்க ஒருவரும் நிற்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

மேற்கே அடிவானம் மங்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டோம். அக்கா சொன்னதை மறக்காமல், திரும்பும்போது ஓடையைத் தவிர்த்து மேட்டுப் பாதையிலேயே நடந்தோம். முள் கிழித்தாலும் பரவாயில்லை. ஊருக்குள் நுழையும்போது முதல் இடி கேட்டது. அக்கா ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்.

“கல்லு கில்லு எடுத்தாந்தீங்களா?”

“இல்லக்கா. கெடந்த எடத்துலயே விட்டுட்டோம்.”

“அதான் சரி. எங்க ஊருக்கு வர்றவங்க அத எடுத்துக்கினு போயிடறாங்க. அப்பறம் வர்ற புள்ளைங்களுக்கு என்னத்தக் காட்டறது?” என்றவர், இன்னொன்றும் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் ஓடைப் பக்கமே வரக் கூடாதாம். பங்குனிக்கு மேல் வெயில் தாங்காது, குடிக்கத் தண்ணீரும் வழியில் கிடைக்காது. தை, மாசியில் குடும்பத்தோடு வரச் சொன்னார். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன்: புரட்டாசியில் ராத்திரி இடியிடித்து, காலையில் வானம் வெளுத்திருந்தால், யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடலாம். ஆனால் பூண்டி அகழ்வைப்பகத்தைப் பார்த்துவிட்டு அதன்பிறகு காட்டுக்குப் போகவேண்டும். கண் பழகாமல் போனால் காலடியில் கிடப்பது தெரியாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தம்பி கேன்டீனுக்கு வரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து, ஒரு கல்லால் இன்னொரு கல்லை அடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியும் கையுறையும் மாட்டியிருந்தான். அந்த ஒழுங்கு அவனிடம் எப்போதும் உண்டு. அடித்தது எல்லாம் தூளாக நொறுங்கியதே தவிர, ஒரு சில்லும் ஒழுங்காகப் பெயரவில்லை. நடுவிலேயே அடித்துக்கொண்டிருந்தான். ஓரக்கோணம் தொண்ணூறு டிகிரிக்குக் குறைவாக இருக்கிற பக்கத்தை முதலில் தேடு, அடியை அந்த விளிம்புக்குச் சற்று உள்ளே போடு என்றேன். அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு விளிம்பில் கட்டை விரலை வைத்து, “இங்கயா ணா?” என்றான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, குவியலில் ஒரு கல்லைத் தேட ஆரம்பித்தேன்.